உப்பிலிருந்து தொடங்கும் வியர்வை உணரி: பினாங்கில் செய்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

வியர்வையை வைத்து உடல்நிலையைச் சொல்லும் ஒட்டுப்பட்டை செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். "அப்போ ஊசி குத்தாமலே இனிப்பு நீர் பார்க்கலாமா?" என்றுதான் அம்மா முதலில் கேட்பார். கேள்வி நியாயமானது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023-இல் அது 15.6 விழுக்காடு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். விரல் நுனியைக் குத்திக்கொள்ளும் ஒருவராவது இல்லாத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு.

அந்தக் கேள்வியாலேயே பல மாணவர்கள் நேராகக் குளுக்கோஸில் கை வைக்கிறார்கள், அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். நான் சொல்வது வேறு வழி. முதல் உணரி சோடியத்துக்காக இருக்கட்டும். வியர்வையில் அது ஏராளமாக இருக்கிறது. அளக்கும் முறை உறுதியானது. வெயிலில் உழைப்பவருக்கும் ஓடுபவருக்கும் உடனே பயன் தரும். குளுக்கோஸுக்குப் போக நினைப்பவரும் இதே பாதையில்தான் வந்தாக வேண்டும். திரவத்தைச் சேர்ப்பது, சருமத்தில் ஒட்டுவது, மின்கசிவைத் தடுப்பது எல்லாம் இரண்டுக்கும் பொது.

படி 1: வியர்வையை முதலில் படியுங்கள்

சருமத்தின் அடியில் சுருண்டு கிடக்கும் எக்ரைன் என்னும் வியர்வைச் சுரப்பியில் ஊறும் நீர், தொடக்கத்தில் கிட்டத்தட்ட இரத்த நீரின் உப்பளவிலேயே இருக்கும். லிட்டருக்கு 140 மில்லிமோல் (கரைந்த துகள்களை எண்ணும் அலகு) அளவு சோடியம். மேலே வரும் குழாயில் ஏறும்போது, குழாயின் சுவர் சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் வெளியே வரும் வியர்வையில் சோடியம் ஏறக்குறைய 10 முதல் 100 மில்லிமோல் வரை, ஆளுக்கு ஆள் மாறி இருக்கும்.

இதிலிருந்து இந்த வேலைக்கே அடிப்படையான ஒரு செய்தி கிடைக்கிறது. வியர்வை வேகமாக வரும்போது குழாய்க்கு உறிஞ்ச நேரம் போதாது, உப்பு கூடும். மெதுவாக வந்தால் குறையும். அப்படியென்றால் சோடியம் 60 என்று மட்டும் சொல்லும் உணரி பாதிச் செய்தியைத்தான் சொல்கிறது. நிமிடத்துக்கு எவ்வளவு வியர்வை வந்தது என்பதும் கூடவே தெரிய வேண்டும். ஓட்ட அளவு இல்லாத வியர்வை உணரியை நான் உணரியாகவே எண்ணுவதில்லை.

மருத்துவம் வியர்வையை உறுதியாக நம்பும் இடம் ஒன்று உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயில் அந்தக் குழாயின் குளோரைடு வாயில் வேலை செய்யாது, எனவே உப்பு திரும்ப உறிஞ்சப்படாது. 1959-இல் கிப்சனும் குக்கும் பைலோகார்பைன் மருந்தைச் சிறு மின்னோட்டத்தால் தோலுக்குள் செலுத்தி வியர்க்கவைத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். குளோரைடு 60 மில்லிமோலைத் தொட்டாலோ தாண்டினாலோ அந்த நோய் இருக்கிறது என்பதற்கு அது வலுவான சான்று. இன்றுவரை அதுதான் அளவுகோல். உப்பில் தொடங்குங்கள் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா?

படி 2: அளவைக் கரைசல்கள்

மின்முனை, அதாவது சோடியத்தின் அளவுக்கேற்ப மின்னழுத்தம் காட்டும் முனை, செய்வதற்கு முன்பே, அதைச் சரிபார்க்க உப்பளவு தெரிந்த இந்தக் கரைசல்கள் தயாராக இருக்கட்டும். ஆய்வுக்கூடத் தரச் சோடியம் குளோரைடு 9.35 கிராமை அயனி நீக்கிய நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் 160 மில்லிமோல். அதைப் பாதிக்குப் பாதி நீர் கலந்துகொண்டே போனால் 80, 40, 20, 10 வரிசையாகக் கிடைக்கும். சமையல் உப்பு வேண்டாம், அதில் அயோடினும் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கின்றன.

கூடவே செயற்கை வியர்வையும் கலந்து வையுங்கள். லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 5 கிராம், லாக்டிக் அமிலம் 1 கிராம், யூரியா 1 கிராம், பிஎச் 6.5. பிஎச்சைச் சரிசெய்யச் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றினால் சோடியமும் 11 மில்லிமோல் வரை கூடும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அமோனியாவால் சரிசெய்தால் அந்தத் தொல்லை இல்லை.

படி 3: மின்முனைகள்

பெட் பிளாஸ்டிக் தாளில், டி-சட்டைக்குப் படம் அச்சிடும் அதே திரை அச்சு முறையில், கார்பன் மையும் வெள்ளி-வெள்ளிக் குளோரைடு மையும் அச்சிட வேண்டும். அச்சு இயந்திரம் கைவசம் இல்லையென்றால் அச்சிட்டு விற்கும் மின்முனைகளை வாங்கித் தொடங்குங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

கார்பன் வட்டத்தின் மேல் முதலில் பெடாட்-பிஎஸ்எஸ் என்னும் மின்கடத்தும் பாலிமர் படலம் வர வேண்டும். சவ்வில் அயனிகளாக வரும் மின்னூட்டத்தைக் கார்பனில் எலக்ட்ரானாக மாற்றிக் கொடுப்பது இதுதான். இதை விட்டுவிட்டுச் சவ்வை நேராகக் கார்பன் மேல் ஊற்றினால் அளவு நிலையாக நிற்காது, மணிக்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

அதன் மேல் சோடியத்தைத் தேர்ந்தெடுக்கும் சவ்வு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அலி ஜாவே குழுவினர் 2016-இல் குளுக்கோஸ், லாக்டேட், சோடியம், பொட்டாசியம், சரும வெப்பம் ஐந்தையும் ஒரே பட்டையில் அளந்து காட்டினார்கள். அவர்களுடைய சோடியச் சவ்வுக் கலவை இன்றைக்கும் நல்ல தொடக்கம். எடை விழுக்காட்டில் சோடியம் அயனோஃபோர் எக்ஸ் (சோடியத்தைப் பிடிக்கும் மூலக்கூறு) 1, டிஎஃப்பிபி சோடிய உப்பு 0.55, பிவிசி 33, டையாக்டைல் செபகேட் (பிவிசியை மென்மையாக்கும் திரவம்) 65.45. இந்தக் கலவையில் 100 மில்லிகிராமை 660 மைக்ரோலிட்டர் டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்து, மின்முனை மேல் 10 மைக்ரோலிட்டர் சொட்டி, இரவு முழுக்க உலரவிடுங்கள். இந்தக் கரைப்பான் எளிதில் தீப்பிடிக்கும். சாதாரண நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். ஆய்வுக்கூடப் புகைப்போக்கி இல்லாத அறையில், முக்கியமாக வீட்டில், இதைத் திறக்கவே கூடாது.

இனி, பலரும் அலட்சியமாக விடும் ஒப்பீட்டு மின்முனை. ஐந்தாம் படிவ வேதியியலில் படித்ததுதான்: மின்னழுத்தம் எப்போதும் இரண்டு முனைகளுக்கு இடையில் உள்ள வேறுபாடு. ஒன்று அசையாமல் நின்றால்தான் மற்றது சொல்வதற்குப் பொருள் உண்டு. வெறும் வெள்ளிக் குளோரைடு முனை குளோரைடின் அளவுக்கு ஏற்ப அசையும். வியர்வையிலோ சோடியமும் குளோரைடும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. விளைவு, இரண்டு முனையும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்து, அளவு இரட்டிப்பாகத் தெரியும். பத்து மடங்கு உப்புக்கு 59 மில்லிவோல்ட் வர வேண்டிய இடத்தில் 110-க்கு மேல் வந்தால், உணரி அபாரமாக வேலை செய்கிறது என்று நினைக்காதீர்கள். ஒப்பீட்டு முனை நகர்கிறது என்பதற்கான அறிகுறி அது.

இதைத் தீர்க்க, பாலிவினைல் பியூட்டிரால் 79 மில்லிகிராமையும் சோடியம் குளோரைடு 50 மில்லிகிராமையும் ஒரு மில்லிலிட்டர் மெத்தனாலில் கலந்து, வெள்ளிக் குளோரைடின் மேல் சொட்டி உலரவிடுங்கள். உப்பு முழுவதும் கரையாது, கலங்கலாகத்தான் இருக்கும், அப்படியே இருக்கலாம். அந்தப் படலத்துக்குள் குளோரைடு எப்போதும் நிறைந்தே இருப்பதால் வெளியே மாறினாலும் முனை அசையாது. சோதிப்பது எளிது. ஆய்வுக்கூடத்தின் கண்ணாடி ஒப்பீட்டு முனையோடு இதை இணைத்து, 10 மில்லிமோலிலிருந்து 160-க்கு மாற்றுங்கள். அளவு ஓரிரு மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் சரி, இல்லையென்றால் படலத்தை மறுபடி ஊற்றுங்கள்.

படி 4: அளவுத் திருத்தம்

உலர்ந்த முனைகளை உப்புக் கரைசலில் ஊறவிட்ட பிறகே அளக்க வேண்டும். பின்னர் 10, 20, 40, 80, 160 என்று ஏறி, அதே வரிசையில் இறங்குங்கள். 25 பாகை செல்சியசில் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் 17.8 மில்லிவோல்ட் ஏற வேண்டும். மேல் முனையில் கொஞ்சம் குறைந்து வருவது இயல்பு. ஏறும்போது வந்த எண்ணும் இறங்கும்போது வரும் எண்ணும் ஒத்துப்போகாத மின்முனையைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு மில்லிவோல்ட் பிழை என்றால் சோடியத்தில் ஏறக்குறைய 4 விழுக்காடு பிழை. இந்த எண்ணை மேசைக்கு மேலே எழுதி ஒட்டிவைப்பது நல்லது, இனி வரும் ஒவ்வொரு முடிவுக்கும் தேவைப்படும். உதாரணத்துக்கு வெப்பம்: குளிர்சாதன அறையில் திருத்தம் செய்துவிட்டு 34 பாகையுள்ள சருமத்தில் ஒட்டினால் பத்து மடங்கு உப்புக்கான ஏற்றம் (சாய்வு) 59.2 மில்லிவோல்ட்டிலிருந்து 60.9-க்குப் போகும், தொடக்கப் புள்ளியும் நகரும். எனவே கரைசலை நீர்த்தொட்டியில் வைத்து 34 பாகையில் திருத்தம் செய்யுங்கள். பட்டையில் ஒரு சிறு வெப்ப உணரியும் இருக்கட்டும்.

கடைசியில் செயற்கை வியர்வையில் வைத்துப் பாருங்கள். அமோனியாவால் சரிசெய்த கரைசல் என்றால் 86-க்குப் பக்கத்தில் வர வேண்டும்.

படி 5: மின்சுற்று

பிவிசி சவ்வின் மின்தடை மெகாஓம் கணக்கில் இருக்கும். ஒரு மெகாஓம் வழியே ஒரு நானோஆம்பியர் கசிந்தாலே ஒரு மில்லிவோல்ட், அதாவது 4 விழுக்காடு போய்விட்டது. ஆகவே சவ்வை நேராக, மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏடிஎஸ்1115 போன்ற மாற்றியில் இணைக்கக் கூடாது. இடையில் எல்எம்பி7721 போன்ற, உள்ளீட்டு மின்னோட்டம் மிகமிகக் குறைந்த பெருக்கி ஒன்று வேண்டும். மற்றவை வழக்கமானவை: 16 பிட் மாற்றி, குறைமின் புளூடூத் உள்ள என்ஆர்எஃப்52 வகைச் சில்லு, ஒரு பொத்தான் மின்கலம்.

பினாங்கின் ஈரப்பதத்தை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். காற்றில் ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் ஊரில், பற்றவைத்த பிறகு பலகையில் தங்கும் ஃபிளக்ஸ் என்னும் பற்றுப்பசை ஈரத்தை இழுத்துத் தானே ஒரு மின்பாதை ஆகிவிடும். காலையில் சரியாக இருந்த பலகை மழைக்குப் பிறகு வேறு எண் காட்டும். பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் நன்றாகக் கழுவி, உலரவைத்து, பாதுகாப்புப் பூச்சு பூசுங்கள். உள்ளீட்டுத் தடத்தைச் சுற்றி, அதே மின்னழுத்தத்தில் நின்று கசிவைத் தடுக்கும் செப்புத் தடமான காவல் வளையம் வரைந்துகொள்ளுங்கள். பாயான் லெப்பாசில் 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. பலகை கழுவுவதிலும் கசிவு சோதிப்பதிலும் கை தேர்ந்தவர்கள் நம் உறவிலோ பக்கத்து வீட்டிலோ கட்டாயம் இருப்பார்கள். தேடிப் போய்க் கேளுங்கள். அந்தக் கைப்பழக்கம் பாடநூலில் கிடைக்காது.

படி 6: வியர்வைக்கு வழி வெட்டுதல்

என்னைக் கேட்டால் இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வேதியியல் சரியாக இருந்தும் பட்டை தோற்பது பெரும்பாலும் திரவப் பாதையால்தான்.

உடற்பயிற்சியின்போது முன்கையில் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர் வியர்வை வருகிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஆளையும் வேலையையும் பொறுத்து இது கூடும், குறையும். இருபுறமும் ஒட்டும் பட்டைத் தாளில் ஒரு மில்லிமீட்டர் அகலமும் 0.1 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஓடை வெட்டினால், மில்லிமீட்டருக்கு 0.1 மைக்ரோலிட்டர் கொள்ளும். பத்து சென்டிமீட்டர் ஓடை பத்தே நிமிடத்தில் நிரம்பிவிடும். இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு 120 மைக்ரோலிட்டர் இடம் வேண்டும். அகலம் 2, உயரம் 0.3 மில்லிமீட்டர் என்று மாற்றினால் 20 சென்டிமீட்டர் போதும். பாம்பு போல வளைத்து வெட்டினால் முன்கையில் அடங்கும்.

ஓடையின் தொடக்கத்தில் உணவுச் சாயம் ஒரு துளியை உலர்த்தி வையுங்கள். வியர்வை சாயத்தைக் கரைத்துக்கொண்டு நகரும்போது, நிறம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதே ஓட்ட அளவு. மின்சாரமே தேவையில்லை. 2021-இல் அமெரிக்காவில் கேட்டரேட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வியர்வைப் பட்டையும் இதே தத்துவம்தான்: ஒரு கோட்டின் நீளம் வியர்வையின் அளவையும், இன்னொரு கோட்டின் நிறம் உப்பையும் காட்டும். கைத்தொலைபேசியால் படமெடுத்தால் செயலி கணக்குப் போட்டுவிடும்.

சோடிய முனையை ஓடையின் வாயில், இரண்டு மைக்ரோலிட்டருக்கு மேல் கொள்ளாத சிறு அறையில் வையுங்கள். அறை பெரிதானால் பழைய வியர்வையும் புதியதும் கலந்து, பத்து நிமிடத்துக்கு முந்தைய உப்பை இப்போதைய உப்பு என்று காட்டும். மேல் மூடிக்குப் பெட் தாள் நல்லது. பிடிஎம்எஸ் சிலிக்கோன் மென்மையானது, ஆனால் நீராவியை வெளியே விடும், உப்பு செறிந்துவிடும். காற்று வெளியேற ஓடையின் முடிவில் துளை இருக்க வேண்டும். அந்தத் துளை மழைநீரும் வெளி வியர்வையும் புகாத திசையில் இருக்கட்டும்.

சருமத்தைத் தொடும் அடுக்கு மருத்துவத் தர அக்ரிலிக் பசையாக இருக்க வேண்டும். சாதாரண இரட்டைப் பட்டையை ஆள் மேல் ஒட்டாதீர்கள்.

படி 7: உடலில் ஒட்டுமுன்

முதலில் அனுமதி. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு மனித ஆய்வு நெறிமுறைக் குழு இருக்கிறது. மற்றவர்கள் தங்கள் கல்வி நிலையத்தின் குழுவை அணுக வேண்டும். நண்பர்கள்தானே என்று கையெழுத்தில்லாமல் தொடங்குவது தவறு. எடுக்கும் தரவு உடல்நலத் தரவு, 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தனிப் பாதுகாப்புக்குரிய தரவாகவே நடத்துகிறது.

ஒட்டும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, பிறகு அயனி நீக்கிய நீரால் கழுவுங்கள். இல்லையென்றால் தோலில் காய்ந்து கிடக்கும் நேற்றைய உப்பும் கணக்கில் வரும். முடி இருந்தால் மழிக்க வேண்டும். முதலில் வரும் வியர்வையின் எண்ணை முடிவாக எடுக்காதீர்கள்.

ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. வியர்வை ஆவியாகாமல் சருமத்திலேயே நிற்கும்போது மேல்தோல் ஊறி, சுரப்பியின் வாய் அடைபட்டு, வியர்வை குறையும். பட்டைக்குக் கீழேயும் இது நடக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வியர்வை ஓட்டம் குறைந்தால் ஆள் குளிர்ந்துவிட்டார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மறு கையில் புதுப் பட்டை ஒட்டி ஒப்பிடுங்கள்.

ஒப்பீட்டுக்கு இரண்டு அளவுகள் வேண்டும். பட்டைக்குப் பக்கத்தில் உறிஞ்சு துணி ஒட்டி, அதில் சேர்ந்த வியர்வையை ஆய்வுக்கூடத்தில் சுடர் ஒளிமானியாலோ அயனி குரோமட்டோகிராஃபியாலோ அளப்பது ஒன்று. ஓடுமுன்னும் ஓடியபின்னும் உடல் எடை பார்ப்பது மற்றொன்று. குறைந்த எடையோடு குடித்த தண்ணீரைக் கூட்டி, சிறுநீரைக் கழித்தால், வரும் ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்குக் கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதை இதற்கு அருமையான இடம். காலை ஆறரைக்கே நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ளுங்கள். மயக்கம், வாந்தி, குழப்பம் எது வந்தாலும் சோதனையை அங்கேயே நிறுத்த வேண்டும்.

கிடைத்த எண்ணை எப்படிச் சொல்வது என்பதிலும் பொறுப்பு வேண்டும். மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை, சோடியம் 50 மில்லிமோல் என்றால், ஏறக்குறைய 2.9 கிராம் உப்பு போயிருக்கிறது. இது பயனுள்ள செய்தி. தைப்பூசத்தன்று காவடியோடு வெறுங்காலில் நடந்து தண்ணீர்மலையின் 513 படிகளை ஏறும் ஒருவருக்கு, வெறும் தண்ணீரை மட்டும் குடங்குடமாகக் குடித்தால் இரத்தச் சோடியம் 135-க்குக் கீழே இறங்கி ஆபத்தாகலாம் என்று எச்சரிக்க இது உதவும். ஆனால் பட்டை காட்டுவது இழந்த உப்பை மட்டுமே. இரத்தத்தில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. முன்கையின் உப்பும் முழு உடலின் உப்பும் ஒன்றல்ல. செயலியின் திரையிலேயே இதை எழுதிவிடுங்கள்.

குளுக்கோஸுக்குப் போவதென்றால்

இரத்தத்தில் 5.6, 7.8 என்று கிளினிக்கில் சொல்வார்களே, அதே அலகில் வியர்வைக் குளுக்கோஸ் 0.1-ஐ ஒட்டியே இருக்கும். தோலில் ஒட்டிய சர்க்கரை, வியர்வையின் வேகம், பிஎச், வெப்பம் எல்லாம் அந்தச் சிறு எண்ணைக் குலைக்கும். செய்முறை பழகியதுதான்: கார்பன் மேல் பிரஷ்யன் நீலம் என்னும் நிறமி, அதன் மேல் கைட்டோசான் என்னும் பாலிமரில் கலந்த குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி. நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிரஷ்யன் நீலம் சுழியத்துக்கு அருகிலான மின்னழுத்தத்திலேயே பிடித்துவிடுவதால், யூரிக் அமிலமும் வைட்டமின் சியும் குறுக்கிடுவது குறையும். எல்எம்பி91000 அல்லது ஏடி5940 சில்லு நானோஆம்பியர் மின்னோட்டத்தைப் படிக்கும். மேசையில் அழகான நேர்க்கோடு வரும். அந்தக் கோடு ஒரு நோயாளியின் இரத்தத்தோடு நாள் முழுக்கச் சேர்ந்து நடக்குமா என்பதுதான் இன்னும் தீராத கேள்வி.

2001-இல் அமெரிக்க அனுமதி பெற்ற குளுக்கோவாட்ச், தோல் வழியே மின்னோட்டத்தால் திரவத்தை இழுத்து அளந்தது. தோல் எரிச்சல் உள்ளிட்ட காரணங்களால் சந்தையில் நிலைக்கவில்லை. 2024 பிப்ரவரியில், தோலைத் துளைக்காமல் இரத்தச் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அப்படிப்பட்ட எதற்கும் அது அனுமதி கொடுத்திருக்கவில்லை. தவறான எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொள்பவர் உயிரோடு விளையாடுகிறார். ஆகவே உங்கள் குளுக்கோஸ் பட்டை ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வீட்டில் இனிப்பு நீர் உள்ளவரிடம் "இதைப் பார்த்து மருந்து போட்டுக்கொள்ளுங்கள் அத்தை" என்று கொடுத்துவிடாதீர்கள்.

பெட்டியின் மேல் எழுதும் வாக்கியம்

மலேசியாவில் 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டம், சட்டம் 737, ஒரு பொருளை அதன் நோக்கத்தை வைத்தே பார்க்கிறது. நோயைக் கண்டறிய, கண்காணிக்க என்று நீங்கள் எழுதினால் அது மருத்துவச் சாதனம். மருத்துவச் சாதன ஆணையத்தில் ஏ முதல் டி வரையிலான வகையில் பதிய வேண்டும். தரமுறைக்கு ஐஎஸ்ஓ 13485, தோலைத் தொடும் பொருளுக்கு ஐஎஸ்ஓ 10993, மின்பாதுகாப்புக்கு ஐஇசி 60601 என்று ஆவணங்கள் தேவைப்படும். அந்த ஒரு வாக்கியத்தை முதல் மின்முனை அச்சிடும் வாரத்திலேயே எழுதி வையுங்கள். எந்தப் பசை வாங்குவது, எத்தனை பேரிடம் சோதிப்பது, எந்தக் கணக்கைக் குறித்து வைப்பது என்பதெல்லாம் அதிலிருந்துதான் முடிவாகும். இவற்றைப் பின்னால் மாற்றினால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.